ரூத்துக்கு எத்தனை பக்கம்?

மில்ட்டன் கிரோவிட்ஸ் இருபத்தேழு வருடங்களில் நாற்பத்தோரு பேரைக் கொன்றவர். எல்லாம் காகிதத்தில்தான். விஞ்ஞானிகள், கடற்கொள்ளையர்கள், வேற்றுக் கிரகத்து ராஜா ஒருவர். அவர்களில் ஒருவருக்காகவும் மனிதர் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்ததில்லை. குவீன்ஸில் ரயில் பாலத்தை ஒட்டிய எங்கள் கட்டடத்தில், இரண்டாவது மாடியில், சமையலறை மேசையிலேயே தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எழுதியவர். அவர் படைத்த செம்புக்கழுகு சரியும் கட்டடங்களைத் தோளில் தாங்குவான். அவரோ எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார்.

1974 அக்டோபரில், செம்புக்கழுகின் மனைவி ரூத்தைக் கொல்ல வேண்டி வந்தது. அங்கேதான் மில்ட்டனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காரணம் அவருடைய சோம்பேறித்தனம். பதினோரு வருடங்களுக்கு முன்னால் ரூத் முதன்முதலாகக் கதைக்குள் வந்தபோது, படம் வரையும் ஜீனோ தொலைபேசியில் கேட்டான்: "அவ பாக்க எப்படி இருப்பா?" யோசிக்க அலுத்துப்போய், மில்ட்டன் தன் மனைவி ஃப்ரிடாவின் புகைப்படம் ஒன்றை உறையில் போட்டு அனுப்பிவிட்டார். கம்பெனி பிக்னிக்கில் எடுத்த படம். கட்டம் போட்ட கோட்டு, கையில் பாதி கடித்த சாண்ட்விச். அன்றிலிருந்து ரூத்துக்கு ஃப்ரிடாவின் மூக்கு, ஃப்ரிடாவின் பல் இடுக்கு, ஃப்ரிடாவின் கட்டம் போட்ட கோட்டு. தெருமுனைக் கறிக்கடைக்காரர்கூட, "கழுகோட பொண்டாட்டி வந்துட்டா, எலும்பில்லாம வெட்டுங்கடா" என்பார். ஃப்ரிடாவுக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கம்பெனியில் வேலை நடக்கும் விதமே தலைகீழ். கதைக்காரர் தொலைபேசியில் கதையைச் சொல்லிவிடுவார். ஓவியர் இருபது பக்கத்தையும் வரைந்து அனுப்பிய பிறகுதான் வசனம் எழுதுவது. வரைந்தது வரைந்ததுதான். ஜூலை மாதம் ஆசிரியர் பர்ட் ஹேன்லி, "கல்யாணமான ஹீரோவை எந்தப் பையன் வாங்கறான்? ரூத்தைத் தூக்கிடுங்க மில்ட்" என்றான். மில்ட்டனும் சிரித்துக்கொண்டே ஜீனோவிடம், "பதினேழாம் பக்கத்துல போட்டுத் தள்ளிடு" என்று சொல்லிவைத்தார். ஜூலையில் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஃப்ரிடாவிடம் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அக்டோபரில் குளிக்கும்போது ஃப்ரிடாவின் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. இடது மார்பில், கொண்டைக்கடலை அளவு. திங்கட்கிழமை டாக்டர் அதை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை முடிவைத் தொலைபேசியில் சொல்வதாகச் சொன்னார். நடுவில் புதன்கிழமை ஜீனோவின் பொட்டலம் வந்து சேர்ந்தது.

மில்ட்டன் நின்றபடியே பிரித்தார். பதினேழாம் பக்கம். எரிகிற துணிக்கடையின் படிக்கட்டில் செம்புக்கழுகு மண்டியிட்டிருக்கிறான். அவன் கையில் ரூத். கட்டம் போட்ட கோட்டில் பாதி கருகியிருக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன. ஜீனோ தன் வாழ்நாளில் அப்படி வரைந்ததில்லை, அதுதான் வினை. படத்துக்கு மேலே வசனக் குமிழுக்காக வெள்ளையாக ஓர் இடம் விட்டிருந்தான்.

இந்த இடத்தில் ஒரு சொல் எழுதினாலும் வெள்ளிக்கிழமை அது நடந்துவிடும் என்று மில்ட்டனுக்குத் தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன பயன்? பண்டிகைக்குக்கூட ஜெப ஆலயம் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், கெட்டது விலகட்டும் என்று மேசையின் மரத்தை மூன்று முறை தட்டினார். பிறகு பொட்டலத்தைக் கொண்டுபோய் குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒளித்தார். நூறு ரகசியக் குகைகளைக் கற்பனை செய்தவருக்கு, மனைவி தினமும் பெருக்கும் இடம்தான் அகப்பட்டது.

வியாழக்கிழமை காலை சமையலறைச் சுவரில் தொலைபேசி அடித்தது. மில்ட்டன் காப்பியைக் கொட்டிக்கொண்டு பாய்ந்தார். டாக்டர் இல்லை, ஹேன்லி.

"பக்கம் வந்துச்சா மில்ட்? நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள வசனம் வேணும்."

"வந்துச்சு."

"அடுத்த மாசம் முதல் ரெண்டு பக்கம் அழுகை. மழை பெய்யட்டும், அது எடுபடும். மூணாம் பக்கத்துல கழுகோட புதுக் காதலியா அந்தப் பத்திரிகைக்காரப் பொண்ணு வந்துடணும்."

"மூணாம் பக்கத்துலயா? பர்ட், அவ செத்து ஒரு மாசம்கூட ஆகலயே."

"அட, பசங்க என்ன இழவு வீட்டுக்கா வர்றாங்க? சண்டை பாக்க வர்றாங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். இதே கணக்கில் மில்ட்டன் எத்தனையோ விதவைகளை மூன்றே படக்கட்டங்களில் தேற்றியிருக்கிறார்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவருகே ஃப்ரிடா. ஒரு கை கட்டுப் போட்ட இடத்தை அழுத்தியிருந்தது. "டாக்டரா?"

"இல்ல, ஹேன்லி."

"இந்த மாசப் பக்கம் எங்க?"

"ஜீனோவுக்கு ஜுரம்."

ஃப்ரிடா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கைமுறிந்து கட்டுப் போட்டிருந்த மாதத்திலும் பக்கத்தை நாள் தவறாமல் அனுப்பியவன் ஜீனோ. அவள் துடைப்பத்தை எடுத்தாள். மில்ட்டன் அதைப் பிடுங்கி, தானே பெருக்கினார். கல்யாணமான நாளாக அவர் துடைப்பத்தைத் தொட்டதே இல்லை.

எந்தப் பக்கத்தையும் முதலில் படிப்பவள் ஃப்ரிடாதான். ஒரு குமிழில் இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் போனால் விரலால் எண்ணிக் காட்டுவாள். அவள் தலையசைக்காமல் ஒரு பக்கமும் வீட்டை விட்டுப் போனதில்லை. இதை எப்படிக் காட்டுவது? காட்டாமல் எப்படி அனுப்புவது? அன்று முழுவதும் அவர் ஒரு வரி எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மில்ட்டன் தொலைபேசிக்கு எதிரே நின்றார்.

"நீ இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா, அது பயந்துபோய் அடிக்கவே அடிக்காது" என்றாள் ஃப்ரிடா. "போய் ரொட்டி வாங்கிட்டு வா."

"அதுக்குள்ள அடிச்சுட்டா?"

"எனக்குக் காது இருக்கு. கிளம்பு!"

ஓட்டமும் நடையுமாகப் போய், மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் திரும்பி வந்தார். மேசை முழுக்கப் பக்கங்கள் பரவிக் கிடந்தன. கண்ணாடி போட்டுக்கொண்டு ஃப்ரிடா பதினேழாம் பக்கத்தின் மேல் குனிந்திருந்தாள். மில்ட்டனின் கையிலிருந்து ரொட்டி நழுவியது.

"செத்த பிறகாவது என் மூக்கை ஒழுங்கா வரைஞ்சிருக்கான்" என்றாள் அவள்.

"ஃப்ரிடா, இது ஜூலையிலயே முடிவானது. சத்தியமா. அப்போ எனக்கு…"

"இங்க அவன் என்ன சொல்றான்? ஏன் காலியா இருக்கு?"

"எழுத முடியல. எழுதினா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு…"

"இருபத்தேழு வருஷமா எழுதற. நீ எழுதி ஒரு பஸ்ஸாவது நேரத்துக்கு வந்திருக்கா?" அவள் பக்கத்தைப் புரட்டினாள். "சரி, அடுத்த மாசம் என்ன?"

மறைக்கத் தெம்பில்லாமல் அவர் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு பக்கம், மழை, பத்திரிகைக்காரப் பெண்.

"ரெண்டு பக்கமா?" ஃப்ரிடாவின் முகம் சிவந்தது. "பதினோரு வருஷம் அவன் கிழிச்சுட்டு வந்த சட்டையெல்லாம் தைச்சுக் குடுத்திருக்கேன். ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு விடிய விடிய உக்காந்திருக்கேன். மூணாம் பக்கத்துல இன்னொருத்தியா?" சட்டென்று அவள் குரல் இறங்கியது. "மில்ட்டி, எனக்குப் பயமா இருக்கு."

அந்த வாரம் முழுக்க அவள் சொல்லாத சொல் அது.

"எனக்கும்" என்றார் மில்ட்டன்.

"எனக்கு நீ எத்தனை பக்கம் குடுப்ப?"

மில்ட்டன் மேசையில் தலையைக் கவிழ்த்து அடக்கமாட்டாமல் அழுதார். அவள் அவருடைய வழுக்கைத் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "அழுது முடிச்சாச்சா? காகிதத்தை மாட்டு. மறுநாள் காலையில அவன் என்ன பண்ணுவான், சொல்லு" என்றாள்.

"ரெண்டு கப் எடுத்து வைப்பான்."

"அப்புறம்?"

"சூப் வைக்கலாம்னு நினைப்பான். எப்படின்னு தெரியாது."

"தெரியாதுதான். நீ என்னைக்காவது பானைக்குள்ள எட்டிப் பாத்திருக்கியா? அதனாலதான் ரூத் அலமாரிக் கதவுக்கு உள்பக்கமா எல்லாத்தையும் எழுதி ஒட்டி வெச்சிருக்கா."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, பொட்டலத் தாளின் பின்பக்கத்தில் அவளே எழுத ஆரம்பித்தாள். பார்லியை எப்போது போடுவது. இன்னொரு சாவி பொத்தான் டப்பாவில் இருக்கிறது. கோட்டு தங்கைக்கு, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. ரூத்துக்காக எழுதுவதுபோலத்தான் எழுதினாள். யாருக்காக என்று இருவருக்கும் தெரியும்.

"பதினேழாம் பக்கத்துல குமிழே வேண்டாம்" என்றாள் முடிவில். "அந்த நேரத்துல யாருக்கு வாய் வரும்?"

தொலைபேசி அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை. நான்காவது முறை மணி அடித்தபோது ஃப்ரிடா எழுந்து போனாள். "ஆமா… ஆமா டாக்டர்… ம்…" மில்ட்டன் அவளுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொலைபேசியை மாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"வெறும் கட்டிதானாம். பயப்பட ஒண்ணும் இல்லையாம்."

அவர் பாய்ந்து கட்டிக்கொண்டார். கட்டுப் போட்ட பக்கம் என்பது மறந்துவிட்டது. அவள் "ஐயோ!" என்று அலறி, அதே மூச்சில் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்காக ரூத்தைப் பொழைக்க வெச்சுடாத. நல்ல பக்கம், கெட்டுப்போயிடும்."

அன்று மாலை மில்ட்டன் தானே அலுவலகத்துக்குப் போனார். வசனமில்லாத பக்கத்தைப் பார்த்து ஹேன்லி கத்தினான். அடுத்த இதழ் முழுக்க வீட்டுக்குள்தான், கழுகு பறக்கவே மாட்டான், பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார் மில்ட்டன். வேறு வேலை எதுவும் தெரியாதவர். பத்திரிகைக்காரப் பெண்ணை இப்போது வரைய முடியாது என்று ஜீனோவும் முரண்டு பிடித்ததால் ஹேன்லி இறங்கிவந்தான்.

அந்த இதழ் சரியாகப் போகவில்லை. 'சண்டை எங்கே?' என்று பையன்கள் திட்டி எழுதினார்கள். நான்காவது மாதம் பத்திரிகைக்காரப் பெண் வந்தேவிட்டாள். ஆனால் வீட்டுக்குள்ளேயே நடந்த அந்த இதழின் ஒன்பதாம் பக்கத்தில், அலமாரிக் கதவின் உள்பக்கத்தில், ஃப்ரிடாவின் பட்டியல் அவளுடைய கையெழுத்திலேயே அச்சானது. ஜீனோ அதை வரையவில்லை, தாளையே வெட்டி ஒட்டிவிட்டான்.

ஃப்ரிடா அதற்குப் பிறகு பதினான்கு வருடங்கள் இருந்தாள். கடைசியில் போனது இதயத்தால், ஒரு மார்ச் மாதம், கறிக்கடை வரிசையில் நிற்கும்போது. ஏழு நாள் துக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, எட்டாம் நாள் காலையில் மில்ட்டன் இரண்டு கப் எடுத்து வைத்தார். தான் எழுதியதையே தான் செய்வது தெரிந்து, தன் மீதே எரிச்சல் வந்தது.

மதியம் சூப் வைக்கலாம் என்று பானையில் தண்ணீர் ஊற்றி, காரட்டை நறுக்கிப் போட்டார். அடுத்து என்ன என்று தெரியவில்லை. கை தானாகப் போய் அலமாரிக் கதவைத் திறந்தது. உள்பக்கம் வெறும் பலகை. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து, அந்தப் பழைய இதழைத் தேடியெடுத்து, ஒன்பதாம் பக்கத்தை அடுப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

'பார்லியை முதல்ல போடு. அது வேக நேரமாகும். அவசரப்படாத.'

மில்ட்டன் அடுப்பை அணைத்து, பானையிலிருந்த காரட்டையெல்லாம் கொட்டிவிட்டு, மறுபடியும் தண்ணீர் வைத்தார்.