கம்பத்துக் கோழி முட்டை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சளி பார்ப்பது என் வேலை. அப்போதுதான் ஆய்விதழ்களில் அந்தப் புதுச் சேதி வரத் தொடங்கியிருந்தது: எச்ஐவி உள்ளவர்களிடம் காசநோய் ஒளிந்துகொள்ளும், கண்ணாடித் தகட்டில் கிருமி தெரியாமல் போகலாம், வளர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். படிக்கப் படிக்க எனக்குக் கை பரபரத்தது.

வார்டில் ஒரு துறைமுகத் தொழிலாளி இருந்தார். எச்ஐவி. ஓயாத காய்ச்சலில் ஆள் பாதியாகியிருந்தார். மூன்று முறை அவர் சளியைப் பார்த்தும் கிருமி இல்லை.

"எச்ஐவி முத்திடுச்சு லா. வீட்டுக்கு அனுப்பிடலாம்," என்றார் டாக்டர்.

அன்று எச்ஐவிக்கு உருப்படியான மருந்து கிடையாது. காசநோய்க்கு உண்டு. அதனால் அவருக்குக் காசநோய் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே வேண்டினேன்.

கிருமி வளர்க்கும் கலவையை முட்டையில்தான் செய்வோம். பாசாரில் மலிவாக வாங்கி, அடித்து, புட்டிகளில் உறையவைத்து, அவர் சளியைப் போட்டேன். சரிபார்க்க இன்னொரு புட்டியில் காசநோய்க் கிருமியையே போட்டேன். வாரங்கள் போயும் இரண்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை. கிருமியே முளைக்கவில்லையா? பிறகுதான் உறைத்தது. பண்ணைக் கோழித் தீவனத்தில் கலக்கும் மருந்து முட்டையில் இறங்கியிருக்கிறது! என் சிக்கனப் புத்தியை நானே திட்டித் தீர்த்தேன்.

மறுநாளே ஃபெர்ரி பிடித்து, பஸ் ஏறி, சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"மருந்து போடாத கோழியாக்கா?"

"மண்ணைக் கிளறித் திங்குற கோழிக்கு யாரு மருந்து குடுப்பா? கேக் செய்யவா?" என்றார் அந்த அம்மா.

"ஆமா," என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த தொழிலாளி, திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் வந்து மறுபடி சளி கொடுத்தார். படி ஏறும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. இந்த முறையும் கெடுத்தால் அவருக்கு நாள் இருக்காது. தினமும் கம்பத்து முட்டைப் புட்டியை எட்டிப் பார்த்தேன். நான்காம் வாரம், ரொட்டித் துகள் போல வெளிர்மஞ்சளாய் முளைத்திருந்தது! சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்புக் குச்சிகள், காசநோய்க் கிருமியேதான். மாடிப்படிகளை இரண்டிரண்டாய்த் தாவினேன். டாக்டர் பார்த்தார், மருந்துச்சீட்டை எழுதினார்.

அன்றே தொழிலாளியை வரவழைத்தோம். பக்குவமாய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

"தம்பி, உங்களுக்குக் காசநோய்!" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

அவர் என்னையே பார்த்தார்.

"அதுக்கு மருந்து இருக்காக்கா?"

"இருக்கு. இன்னைக்கே ஆரம்பிக்கிறோம்."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதார். "மருந்து இருக்குன்னு இன்னிக்குத்தான்கா ஒருத்தர் சொல்றீங்க," என்றார்.