ஐயா உயர்த்திய கை

கரவெட்டியில் பிறந்து லண்டன் ரெய்னர்ஸ் லேனில் கண்மூடிய எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வணக்கம். மூத்த மகள் எழுதுகிறேன். இறந்தவர் எல்லோருக்கும் நல்லவர், ஒருவரையும் நோகடிக்காதவர் என்று எழுதுவது இப்படியான மலர்களின் வழக்கம். ஐயா உங்களில் பலரை நோகடித்தவர். அதைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை.

ஐயா ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, பெற்றோல் ஸ்ரேஷனில் ஷிப்ட் செய்தார். சனிக்கிழமைகளில் ஹரோவில் எங்கள் சங்கம் நடத்திய தமிழ் வகுப்பில் சம்பளமில்லாமல் படிப்பித்தார். குளிருக்கு முழங்கால் வீங்கிய நாட்களிலும் கதிரையில் உட்கார்ந்து படிப்பிக்க மாட்டார். உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஆஸ்திரியாவில் பிறந்த முதிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவருடைய தகப்பனார் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் அங்கே ஒரு மாகாண சபை உறுப்பினர். அரசு ஒருநாள் அவருடைய கட்சியைத் தடைசெய்தது. அந்தக் கட்சிக்காரர் எல்லோருடைய ஆசனமும் போயிற்று. இவரைச் சிறையில் போட்டார்கள். மிச்ச உறுப்பினர்கள் என்ன செய்தார்கள்? வெறுங் கதிரைகளுக்கு நடுவே கூடியிருந்து, கையை உயர்த்தித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கொஞ்சக் காலத்தில் அந்தச் சபையும் போய், அரசு தனக்கு வேண்டியவர்களை நியமித்த சபை வந்தது. “பொலிசில் அப்பாவுக்குக் கோபமில்லை. தன்னோடு ஒரே ரயில் பெட்டியில் சபைக்குப் போய்வந்த மற்றக் கட்சி நண்பர் அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்றுதான் சாகும்வரை கேட்டார்” என்று அம்மையார் வேலிக்கு மேலால் சொன்னாராம்.

அந்தக் கதை ஐயாவைப் பிடித்துக்கொண்டது. நூலகத்தில் தேடித் தேடி அந்த உறுப்பினர்களைப் பற்றிப் படித்தார். காண்பவர்களிடமெல்லாம் சொன்னார். “மாஸ்டருக்கு ஊர்ப் பிரச்சினை காணாதெண்டு இப்ப ஒஸ்ரியாவைத் தூக்கிக்கொண்டு திரியிறார்” என்று டூட்டிங் கடை வாசலில் நின்று சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நல்லாய்ச் சிரியுங்கோ.

பிறகு எங்கள் சங்கத்துக்கே அந்த நாள் வந்தது. வகுப்பின் ஆண்டு விழா மேடையில், மன்னாரைச் சேர்ந்த எங்கள் குடும்ப நண்பர், நான் மாமா என்று அழைப்பவர், ஒரு வசனம் சொன்னார்: “வேறை கருத்துச் சொன்னதுக்காக எங்கட ஆக்களே எங்கட ஆக்களைச் சுடுறது பிழை.” அவ்வளவுதான். இயக்கத்தைக் குறைசொன்ன துரோகி என்றார்கள். அடுத்த கூட்டத்திலேயே அவரைச் சங்கத்திலிருந்து நீக்கவும், அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிற்பாட்டவும் பிரேரணை வந்தது. பிள்ளைகளையும்! ‘அ’னா எழுதிப் பழகிய குழந்தைகள் உங்களுக்கு என்ன துரோகம் செய்தார்கள்?

ஐயா எழும்பி ஆஸ்திரியக் கதையைத் தொடங்கினார். தலைவர் இடைமறித்தார்: “மாஸ்டர், இது சரித்திர வகுப்பில்லை. ஊரோட ஒத்தோட வேணும்.” வாக்கெடுப்பில் ஐயா ஒருவர்தான் எதிர்த்துக் கையை உயர்த்தினார். எங்கள் வீட்டில் அம்மாவின் கையால் சோறு உண்டவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். வாய்க்குள் கொழுக்கட்டையோ வைத்திருந்தீர்கள்?

கூட்டக் குறிப்பில் ‘ஏகமனதாக’ என்று எழுதினீர்கள். அதைத் திருத்தச் சொல்லி ஐயா ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். “ஏனப்பா வேலியால போற ஓணானைப் பிடிச்சு மடியில கட்டுறியள்?” என்று அம்மா அழுதார். “நான் ‘ஓம்’ எண்டு சொன்னதாய் எழுதி வைச்சிருக்கிறாங்கள். அந்தப் பிள்ளையளின்ரை முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?” என்றார் ஐயா. அதற்குப் பிறகு வகுப்பில் அவருக்கு வேலையில்லை என்றீர்கள். கோயிலில் கண்டும் காணாதமாதிரிப் போனீர்கள். கல்யாண வீடுகளுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

செத்தவுடன் எல்லோரும் வந்துவிட்டீர்கள். மின்தகன மண்டபத்தில் தலைவர் மைக்கைப் பிடித்து, “மாஸ்டர் எங்களோடு என்றும் ஒத்து நின்றவர்” என்றார்.

போன கிழமை சங்கச் செயலாளர் ரெலிபோன் எடுத்தார். “பிள்ளை, எங்கட அனுதாபச் செய்தி மலரின்ரை முதல் பக்கத்தில வரும்தானே?”

“போடுறன் அங்கிள். அந்தப் பழைய கூட்டக் குறிப்பைத் திருத்தித் தாங்கோ. போடுறன்.”

“அது முடிஞ்ச கதையெல்லே. செத்த மனிசனுக்கு இனி அது என்னத்துக்கு?”

“உயிரோட கேக்கேக்கையும் நீங்கள் குடுக்கேல்லையே.”

கமிட்டியோடு பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறி ரெலிபோனை வைத்தார். இரண்டு நாள் கழித்து, ஏலாது என்று பதில் வந்தது. ஆகவே அவர்களுடைய செய்தி இந்த மலரில் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். கடைசி மாதங்களில் ஐயாவைத் தூக்கி இருத்தி முகம் வழித்துவிட்ட மன்னார் மாமாவுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அவருடைய மனைவிக்கும், முறை வைத்து இரவில் கண்விழித்த அவர்களுடைய தேவாலயப் பங்குச் சபை மக்களுக்கும், கொட்டுகிற மழையில் பொல்லூன்றி வந்து பெட்டியருகே நின்ற ஆஸ்திரிய அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவின் பெண்பிள்ளைகள் இருவருக்கும் ஐயா எங்கள் சமையலறை மேசையில் கடைசிவரை தமிழ் சொல்லிக்கொடுத்தார். இந்த மலரின் தேவாரப் பக்கத்தை எழுத்துப் பிழை பார்த்துத் தந்தவர்கள் அவர்கள்தான்.

சங்கம் எழுத மறுத்ததை நான் இங்கே எழுதுகிறேன். ஐந்நூறு பிரதி அச்சிட்டிருக்கிறோம், உங்கள் எல்லோர் வீட்டிலும் இது இருக்கும்: அந்தப் பிரேரணை ஏகமனதாக நிறைவேறவில்லை. எதிர்த்தவர் ஒருவர். அவர் எங்கள் ஐயா.