குழாயோடு நடந்த அப்பா

ஆண்டவரின் சமாதானத்தில் இருக்கும் எங்கள் அப்பா, தங்க வயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லைன் வீட்டில் பிறந்தார். மீசை முளைத்ததும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர், சுரங்கம் மூடும்வரை பாறை துளைத்தார். தங்கம் யார் யார் வீட்டுக்கோ போனது. தூசி மட்டும் அப்பாவின் நுரையீரலில் நின்றுவிட்டது. பிறகு பெங்களூருக்கு ரயிலில் போய்க் காவல் வேலை பார்த்து என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார்.

மூச்சு குறைந்தபோது, நாளின் பெரும்பகுதி ஆக்ஸிஜன் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு மெஷின் வந்தது. அப்பாவோ திணறும்போது மட்டும் போடுவார், சரியானதும் அணைத்துவிடுவார். சுரங்கத்தில் அப்படித்தான், மூச்சுக் கருவியை ஆபத்துக்கென்று வைத்திருப்பார்கள்.

"நல்லா இருக்கும்போது இன்னாத்துக்கும்மா வீணாக்கணும்?"

"இது சேத்து வெச்ச காத்து இல்லப்பா. ரூம்ல இருக்கிற காத்தத்தான் பிரிச்சுக் குடுக்குது. விடாம போட்டாத்தான் இதயம் தாங்கும்" என்றாள் தங்கை.

"அப்போ ஷிஃப்ட் மாதிரின்னு சொல்லு" என்றார். அப்புறம் ஒரு நாளும் தவறவில்லை.

"ஆக்ஸிஜன் வெச்சாச்சா, அவ்ளோதான்" என்று ஊர் பேசியது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? தூசியைப் பற்றி வாய் திறக்காதவர்கள் குழாயைக் குறை சொன்னார்கள். அப்பா வெளியே போவதற்கென்று வாங்கிய சிறிய சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து ஆலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். சித்தப்பாவுக்கே அது பிடிக்கவில்லை.

"ஊட்லயே ஜெபம் பண்ணுங்களேண்ணே. பாக்கிறவங்க பயப்படுறாங்க."

"கண்ணாடி போட்டவனப் பாத்து பயப்படுறாங்களா? அவன் கண்ணுக்கு வெச்சிருக்கான், நான் மூக்குக்கு வெச்சிருக்கேன். போடா."

தங்கையின் திருமணத்தில் அவளைக் கைபிடித்து அழைத்து வந்ததும் அப்பாதான். நின்று நின்று நடந்தார். பாதி வழியில் பாட்டு முடிந்துவிட்டது. பாடகர் குழு மறுபடி முதலிலிருந்து பாடியது. எனக்கு அன்று இருந்த பெருமை இன்றும் குறையவில்லை.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலரின் அட்டைக்கு, குழாயோடு அவர் அப்படி நடந்து வந்த படத்தைத்தான் எடுத்தேன். மூக்குக் குழாயை அழித்துவிடச் சொன்னார்கள் உறவினர்கள். "அழகா இருந்த மனுஷன்மா" என்றார் சித்தப்பா.

"அவர் நடந்து வந்தப்போ நீங்க தேம்பித் தேம்பி அழுதீங்களே சித்தப்பா, அதையும் அழிச்சுடலாமா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அப்பாவைக் கைவிடாத டாக்டருக்கும், கரண்ட் போன போதெல்லாம் தங்கள் இன்வெர்ட்டரிலிருந்து எங்கள் மெஷினுக்கு ஒயர் இழுத்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும், மறுபடி பாடிய பாடகர் குழுவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பாவுக்கும் நன்றி. அட்டையைச் சரிபார்க்க அச்சகத்துக்குப் போனவர் அவர்தான். "மூக்குல இன்னாவோ இருக்கே சார், எடுத்துடலாமா?" என்று கேட்ட பையனிடம் அவர் சொன்னாராம்:

"கைய வெக்காத. எங்கண்ணன் அதோடதான் நடந்தாரு."

மூத்த மகள்