மீதி அடுத்த கார்டில்

எனக்கும் என் சிநேகிதிக்கும் அப்போது இருபது வயது. மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருவரும் டீச்சர்கள். அவள் கிறிஸ்தவப் பெண். இங்கிலீஷ் நாவல் எங்கே கிடைத்தாலும் வாங்கிவந்துவிடுவாள். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை ஓரம் தள்ளிவிட்டு, ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் தலை முட்ட வாசிப்போம்.

கதையைவிட, அதைச் சொல்கிற சாமர்த்தியத்தில்தான் எங்களுக்குப் பைத்தியம். கெட்ட சேதி வருமுன் வானம் கறுத்துவிடும். ஆசிரியர் திடீரென்று நம் பக்கம் திரும்பி, ‘வாசகரே’ என்று கூப்பிடுவார். எல்லாவற்றையும்விட அந்த அத்தியாய முடிவு! கதவு தட்டப்படும், கதாநாயகி திறப்பாள், முகம் வெளுப்பாள். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த அத்தியாயம் வேறு ஊரில், வேறு யாரோ டீ குடிப்பதில் ஆரம்பிக்கும். “படுபாவி!” என்று ஆசிரியரைத் திட்டிக்கொண்டே சிரிப்போம்.

நாமும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. மானாமதுரையில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவுக்கு ஒரு தபால் கார்டு எழுதினேன்.

“அன்பார்ந்த வாசகியே! புதன்கிழமை சாயங்காலம் வானம் கறுத்தது. ஒரு காக்கைகூடக் கரையவில்லை. வாசலில் காலடிச் சத்தம். அம்மா ‘ஐயோ’ என்று அலறினாள். அப்பா வாயடைத்து நின்றார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படியேற முடியாமல் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் இறக்கிவைத்ததைப் பார்த்ததும் நான்… மீதி அடுத்த கார்டில்.”

நடந்தது இதுதான். ஊரைவிட்டுப் போகும் ஒரு துரை வீட்டு ஏலத்தில், ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ ஒன்றை அப்பா யாரிடமும் சொல்லாமல் எடுத்துவிட்டார். அது வீட்டுக்குள் நுழையாது என்று கண்டதும் அம்மா அலறினாள். அம்மா அலறியதும் அப்பா வாயடைத்துப்போனார். அவ்வளவுதான்.

தபாலில் போடுமுன் கார்டைப் படித்த சிநேகிதி, “அடுத்ததை உடனே எழுதிராதடி. மூணு நாளாவது தவிக்கட்டும்” என்றாள். நானும் பெருமையாகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் தெருமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. ஜட்கா வண்டி நிற்பதற்குள் அக்கா குதித்து, தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். பின்னால் அவள் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு வந்தார். அதற்கும் பின்னால் அத்தான், கையில் பெரிய ரோஜா மாலையோடு.

“என்னைய தூக்கி வளத்த சித்தப்பா! இப்பிடிப் போயிட்டீகளே!”

எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்குத்தான் பருத்த உடம்பு. முந்தின மாதம்தான் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். நாலு பேருக்கு மூச்சு வாங்கியது என்று வாசித்ததும் அக்கா முடிவுகட்டிவிட்டாள்.

அந்தச் சித்தப்பாவே வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். “நான் எங்க தாயி போனேன்? பல்லு வெளக்கிக்கிட்டுல்ல இருக்கேன்.”

அழுகை நடுவில் அறுந்தது. அக்கா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அத்தான் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“எனக்குத்தான வாங்கியாந்தீக? குடுங்க மாப்ள” என்று சித்தப்பா அதைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைப் பக்கம் நழுவினேன். அக்காவின் மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்டி, படிச்ச பிள்ளைன்னு பேரு. ஒரு கார்டை முழுசா எழுதத் தெரியாதா?”

“அத்தை, அது இங்கிலீஷ் கதையில வர்ற உத்தி. பாதியில நிறுத்துனாத்தான் படிக்கிறவுகளுக்கு…”

“அந்த ஊர்ல யாருக்கும் அக்கா தங்கச்சி கிடையாதா?”

அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் நீலமாக இருந்தது. கதவைக் கழற்றி உள்ளே ஏற்றியிருந்த பீரோவைத்தான் கடைசியில் எல்லாரும் பார்க்கப் போனோம். அந்த அத்தை அதுவரை தன்னை முழுதாகப் பார்த்ததே இல்லையாம். முன்னால் நின்றார், பக்கவாட்டில் திரும்பினார், முந்தானையைச் சரிசெய்தார்.

“ஆத்தீ, நான் இம்புட்டுக் குட்டையா?” என்று கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மாலையும் கழுத்துமாகச் சித்தப்பா தெருவில் இறங்கி, எல்லாருக்கும் இட்லி வாங்கப் போனார்.

திங்கட்கிழமை இதைச் சொன்னதும் என் சிநேகிதி கொண்டை அவிழச் சிரித்தாள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்துவிட்டார். வெள்ளைக்காரி, சுத்தமான பைபிள் தமிழ் பேசுவார். பயந்துகொண்டே முழுவதையும் சொன்னேன். அவர் முகத்தில் அசைவே இல்லை.

“பாரமான அலமாரியை நான்கு பேர் சுமந்தார்கள். இதில் துக்கம் எங்கே?” என்று கேட்டார்.

அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. உத்தி அவர்கள் ஊருடையது. அந்த நாலு பேர் எங்கள் ஊர்க்காரர்கள். நம் பக்கம் நாலு பேர் தூக்கினால் என்ன அர்த்தம் என்று சிநேகிதி விளக்கினாள். அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். பத்தடி தள்ளி, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த ஆஜர் பதிவேட்டால் முகத்தை மூடியிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.