சத்தம் வைக்காமல் பார்த்த படங்கள்

புது டிவிடியின் மெல்லிய உறையைப் பிரித்தால், காலில் இன்னும் போடாத புதுச் சப்பாத்தின் மணம் வரும். அம்மாவின் சேலை, என் பள்ளிக்கூடக் கொப்பிகள், தலையணை என்று வீட்டில் எல்லாவற்றிலும் கருவாட்டு மணம் ஏறியிருந்ததால், ஒவ்வோர் உறையையும் மூக்கருகே பிடித்துத்தான் பிரிப்பேன். எனக்கு அப்போது பதினொரு வயது. வங்காலையில் நானும் அம்மாவும் மட்டுமே. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அம்மா பகலெல்லாம் கரையில் மீன் கொட்டிலாக இருந்த "வாடி"யில் மீன் வெட்டிக் கருவாடு போடுவார். டிவிடி விற்பது பக்கத் தொழில். அதில் அவர் கண்டுபிடித்திருந்த சூட்சுமம் வேறு ஊரில் பலிக்காது. எங்களூரில் "தபசு காலம்" என்று சொல்லும், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கினால், நாற்பது நாளும் ஒரு வீட்டிலும் படம் ஓடாது. மன்னார் ரவுண் கடைகளில் படங்கள் தேங்கிப்போய்ப் பாதி விலைக்கும் கீழே கட்டோடு தள்ளிவிடுவார்கள். அம்மா அப்போது வாங்கிக் கட்டிலுக்குக் கீழே அடுக்கிவைத்து, உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து ஊரே படப் பசியோடு திரும்பும்போது விற்பார்.

அந்த வருடம் கையிலிருந்ததையெல்லாம் போட்டுப் பெரிய கட்டாக வாங்கினார். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் இரண்டு தடவை வந்து போயிருந்தார். அம்மாவின் பாஸ்போட் அலுமாரிக்குள் தயாராக இருந்தது. "இந்தக் கட்டு முழுக்க வித்து முடிஞ்சுதெண்டா நான் ஒரு இடமும் போகமாட்டன் பிள்ளை" என்று அம்மா ஒரு நாள் மீன் செதிலைக் கழுவிக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு வேறு செபம் தேவைப்படவில்லை. பழுதான டிஸ்க்குகளை, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய குருத்து ஞாயிறு வரைக்கும் மாற்றித் தருவதாகவும், பிறகு வரக்கூடாது என்றும் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது என் வேலை. தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் பார்த்தால் போதும். ஆனால் தபசு காலத்தில் படம் பார்ப்பது பாவமல்லவா? அம்மா அதற்கும் வழி வைத்திருந்தார். "சத்தம் வைக்காதை. சத்தத்தோட பாத்தாத்தான் படம் பாத்த மாதிரி" என்றார். அந்த நாற்பது நாள் தபசையும் அம்மா என் அப்பாவின் ஆத்துமத்துக்கு ஒப்புக்கொடுத்திருந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்திருந்த அந்தப் பின்னேரங்களைப்போல் வெறுமையானவற்றை நான் பிறகு கண்டதில்லை. வெளியே பிள்ளைகள் விளையாடுவது கேட்கும். உள்ளே கண்ணாடிக்குள் மீன் வாயைத் திறப்பதுபோல் ஆட்கள் வாயைத் திறந்து மூடுவார்கள். பொறுக்கமுடியாமல் அவர்களுக்கு நானே வசனம் பேசத் தொடங்கினேன். என் படங்களில் எல்லாத் தாய்மாரும் "நான் ஒரு இடமும் போகமாட்டன்" என்றே சொன்னார்கள்.

நாலாவது கிழமை ஒரு படத்தில் ஒரு தாய் மகளைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அவள் ஹிந்தியில் பேசினாள். உறையில் எழுத்தெல்லாம் தமிழ். வேறொன்றைப் போட்டேன், அதுவும் ஹிந்தி. கட்டு முழுவதும் அப்படித்தான் இருந்தது.

குருத்து ஞாயிறுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்றே சொல்லியிருந்தால் அம்மா பஸ் ஏறிப்போய் மாற்றியிருப்பார். ஆனால் சத்தம் வைத்தது தெரிந்துவிடும். அப்பாவுக்காகப் பிடித்த தபசை முறித்தவள் நான் என்று தெரிந்துவிடும். ஒன்பது நாளும் வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

உயிர்ப்பு ஞாயிறு மத்தியானத்துக்கு முன்பே எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அம்மா சிரித்த சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த நாள் காலை முதலாவதாக வந்தவர் பக்கத்து வீட்டு மாமி. "படம் நல்ல வடிவா ஓடுது தங்கச்சி. ஒரு சொல்லுந்தான் விளங்கேல்லை" என்றார். அவருக்குப் பின்னால் ஊரே டிஸ்க்குகளோடு வந்து காசைத் திரும்ப வாங்கிப்போனது. எல்லாரும் போனபின் அம்மா என் தலையைத் தடவி, "உன்னிலை பிழையில்லை. சத்தம் வைக்காதை எண்டு சொன்னது நான்தானே" என்றார். அந்தக் கையால் ஓர் அடி அடித்திருக்கலாம்.

இரண்டு மாதத்தில் விமானம் ஏறினார். அவர் திரும்பி வரும்வரை ஒன்பது வருடம் சித்தி வீட்டில் வளர்ந்தேன்.

அந்தக் கடையில் இப்போது போன் உறைகள் விற்கிறார்கள். டிவிடி ஓட்டும் பெட்டி ஊரில் எவர் வீட்டிலும் இல்லை. தபசு காலத்திலும் பிள்ளைகள் காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டு போனில் படம் பார்க்கிறார்கள். அன்று திரும்பி வந்த டிஸ்க்குகளில் மிஞ்சியவற்றைக் காகம் கலைப்பதற்காக அம்மா கருவாட்டுப் பந்தலில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். போன மாதம் மாமி அவற்றைப் பார்த்துப் பழைய கதையை எடுத்தபோது அம்மா பெருமையாகச் சொன்னார்:

"அவ்வளவு நாளும் தனியக் கிடந்தும் ஒரு நாள் சத்தம் வைக்கேல்லை இந்தப் பிள்ளை. குவைத்திலை எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுவன். இதை நினைச்சுத்தான் அங்க காலம் தள்ளினனான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு, காய்ந்துகொண்டிருந்த மீனை மறுபக்கம் திருப்பிப் போட்டேன்.