அக்காவின் நகங்களும் அம்மாவின் மேஜையும்

போன வாரம் வங்கி கவுன்ட்டரில் வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண் என்னை நெடுநேரம் நிற்க வைத்துவிட்டாள். புதிதாக ஒட்டு நகம் வைத்திருந்தாள் போல. கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் பென்சிலின் பின்பக்கத்தால் குத்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் தொடுவது மாதிரி அவ்வளவு பயம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி, வாயைத் திறந்துவிட்டேன்.

"பென்சிலால குத்தாதீங்கம்மா. விரலைப் படுக்கப் போட்டு, சதையால அடிங்க. கீபோர்டுக்குப் பின்னாடி ரெண்டு கால் இருக்கும் பாருங்க, அத மடக்கி விட்டுடுங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வழுக்கைத் தலை, கையில் மருந்துச் சீட்டு. நக விஷயத்தில் இந்த மனுஷனுக்கு என்ன வேலை என்று நினைத்திருப்பாள். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள். "எங்க அக்கா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அக்கா கதை கவுன்ட்டரில் நின்று சொல்லி முடிகிற கதையா?

சின்ன வயதில் அக்காவுக்கு நகமே கிடையாது. முளைக்கும், முளைத்ததும் கடித்துத் தின்றுவிடுவாள். அம்மா கசப்பு மருந்து தடவிப் பார்த்தாள். அக்கா அந்தக் கசப்புக்கும் பழகிக்கொண்டாள். விரல் நுனிகள் சிவந்து, வீங்கி, பார்க்கவே சங்கடமாக இருக்கும். எங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்கள் எதிலும் அக்காவின் கைகளைப் பார்க்க முடியாது. எல்லாவற்றிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கப் போகிறவள் மாதிரி நிற்பாள்.

அம்மா தையற்காரி. முன்னறைதான் தையல் கடை. அறையின் நீளத்துக்குத் துணி வெட்டும் மேஜை ஒன்று கிடந்தது. ஒரே பலகை. ஜன்னல் பக்க முனையில் அம்மாவின் மெஷின், பட்டன் டப்பா, குண்டூசி டப்பா. மறுமுனை எங்களுக்கு. சாப்பாடு, வீட்டுப்பாடம், சண்டை எல்லாம் அங்கேதான். அப்பா பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்கத் தெருத்தெருவாக ஹாரன் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

அக்காவுக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிந்து வைப்பார்கள். அக்கா காதில் ஹெட்போன் மாட்டி அதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். காலடியில் ஒரு மிதி இருக்கும். அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். "உனக்கும் கால்ல மிதி, எனக்கும் கால்ல மிதி. இதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று அம்மா கேட்டாள். சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை வழிந்தது.

முதல் சம்பளம் வந்த அன்று அக்கா நேராக நகம் ஒட்டும் கடைக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கைகளை முன்னால் நீட்டிக் காட்டினாள். நீள நீளமாக, ரத்தச் சிவப்பில் பத்து நகங்கள்.

அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்தாள். வாய் முழுதாகத் தேவைப்பட்டது.

"என்னடி இது, பருந்துக் கால் மாதிரி?"

"என் கைம்மா. எனக்குப் பிடிச்சிருக்கு."

"இத வச்சுக்கிட்டு எப்படிடி வேலை பார்ப்ப? நான் ஒட்ட வெட்டியே நூல்ல மாட்டுது."

"பாரேன், எப்படிப் பார்க்குறேன்னு."

பஞ்சையும் மீறி அப்பா காதில் அது விழுந்துவிட்டது. அன்றைக்கே அக்காவுக்குப் 'பருந்து' என்று பெயர் வைத்துவிட்டார்.

வீராப்பு பேசிய பருந்து மறுநாளே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. ஒரு எழுத்தை அடித்தால் நகம் மேல்வரிசையில் இன்னொரு எழுத்தை அடிக்கிறதாம். நோயாளியின் பெயரே மாறிப்போனதாம். வேறு யாராவது என்றால் நகத்தைப் பிய்த்து எறிந்திருப்பார்கள். எங்கள் அக்கா ஒரு பழைய கீபோர்டை வாங்கி வந்து, மேஜையின் மறுமுனையில் வைத்துப் பழக ஆரம்பித்தாள்.

அந்த நாட்களின் கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முதலில் வைத்திருந்தவை சதுர நுனி நகங்கள். அதில் ஒரு மூலை கீபோர்டு பொத்தானுக்கு அடியில் மாட்டி, பொத்தானே தெறித்து எங்கேயோ போய்விட்டது. வீடு முழுக்கத் தேடினோம், கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா பட்டன் டப்பாவிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எந்தக் கோட்டோட பட்டன்டி? தைக்க ஒரு ஓட்டைகூட இல்லையே?" அக்கா சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளத்தான் ரொம்பச் சிரமப்பட்டாள்.

அதன் பிறகு அக்கா வளைந்த நுனி நகத்துக்கு மாறினாள். விரலை மடக்காமல் நீட்டினாள். மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்கினாள். நாற்காலிமேல் தலையணை போட்டு உயரமாக உட்கார்ந்தாள். பொத்தான்கள் தட்டையாக இருக்கும் கீபோர்டாகத் தேடி வாங்கினாள். விரலின் சதை ஒரு எழுத்தை அழுத்தும்போது நகம் அடுத்த வரிசைக்கு மேலே சும்மா உரசிப் போகும் அளவுக்குக் கோணம் பிடித்தாள். குட்டிப் பொத்தான்களுக்கு மட்டும் விரலின் பக்கவாட்டு. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவள் கை அப்படி ஓடியது. மொட்டை விரலில் அடித்ததைவிட வேகம். ஒளித்து வைக்க வேண்டியதில்லை என்றதும் கைக்கே தைரியம் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் சத்தம்! சடசடவென்று தகரத்தில் மழை கொட்டுவது மாதிரி. மருத்துவமனையில் மிஞ்சிய வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து மாலையில் அடிப்பாள். அந்தப் பக்கம் அம்மாவின் மெஷின் கடகடக்கும். நடுவில் நான் பாடப் புத்தகத்தோடு.

"அந்தச் சத்தத்த நிறுத்துடி! பாபின்ல நூல் தீர்ந்தாக்கூட எனக்குக் கேக்க மாட்டேங்குது."

"நீ மெஷின நிறுத்து, நான் நிறுத்துறேன்."

ஒருத்தியும் நிறுத்த மாட்டாள். பாபினில் அடிநூல் தீர்ந்தால் மெஷினின் சத்தம் லேசாக மாறும். அம்மாவுக்கு அது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். தினமும் இந்தச் சண்டைதான். அதற்கு நடுவிலேயே, "ஏய் பருந்து, கீழ குண்டூசி விழுந்துடுச்சு, எடு" என்பாள் அம்மா. தப்பாகப் போட்ட தையலைப் பிரிக்கவும் அக்காவின் நகம்தான் வேண்டும். நகம் ஆகாது, நகம் செய்யும் வேலை மட்டும் ஆகும்.

கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் மாலையில் அக்கா கீபோர்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தன் வீட்டு மேஜை ஆடுகிறது என்று சாக்கு. அவள் வீட்டு மேஜையை நான் பார்த்திருக்கிறேன். பாறை மாதிரி நிற்கும்.

எந்த மாதம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, அம்மா திட்டுவதை நிறுத்தியிருந்தாள். அக்கா என்ன வேகத்தில் அடித்தாலும் நிமிர்வதில்லை. "ஒருவழியா ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்கப்பா" என்று அப்பா நிம்மதியாகப் பஞ்சை எடுத்தெறிந்தார். எனக்கும் நிம்மதிதான். அக்காவுக்கு மட்டும் ஒப்பவில்லை. "அம்மா ஏன்டா என்னைத் திட்டவே மாட்டேங்குறா? என்மேல ஏதாவது கோபமா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

பதில் ஒரு பாவாடையில் வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் தைத்து வாங்கிப் போன பாவாடை, பள்ளிக்கூட வாசலிலேயே பக்கவாட்டில் பிரிந்துவிட்டது. அவர் கொண்டுவந்து காட்டியபோது அம்மா மேல்நூலை இழுத்தாள். அது பாட்டுக்கு உருவிக்கொண்டு வந்தது. பாதித் தையலுக்கு அடிநூலே இல்லை. அம்மாவின் தையலில் அப்படி ஒரு தவறு நடந்ததே கிடையாது. அக்கா பின்னாலிருந்து, "ஏம்மா, பாபின் தீர்ந்தது உனக்குக் கேக்கலையா?" என்றாள். அம்மா திரும்பவில்லை. அக்கா குரலை உயர்த்தினாள். அப்போதும் திரும்பவில்லை. டீச்சரின் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா திரும்பினாள். சமாதானமும் இல்லை, ஒன்றும் இல்லை. காது போய்க்கொண்டிருந்தது.

அக்கா தன் மருத்துவமனைக்கே அழைத்துப் போனாள். காது டாக்டர் சோதித்துவிட்டு, "முடிவை அப்புறம் சொல்றேன்" என்றார். அன்று மாலை வழக்கம்போல ஹெட்போனை மாட்டினாள் அக்கா. டாக்டரின் குரலில் அம்மாவின் பெயர் வந்தது. நரம்பு பட்டுப்போய்விட்டது, காதுக்கருவி வைத்தும் பயனில்லை, மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும் என்று அந்தக் குரல் நிதானமாகச் சொல்லச் சொல்ல, அக்கா ஒரு பிழையும் இல்லாமல் அடித்து முடித்தாள். பிறகு மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அழுதிருக்கிறாள்.

அம்மா மெஷினுக்கு மூடி போட்டுவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். அப்பா காதருகில் கத்திப் பார்த்தார். துணிக்கு அடையாளம் போடும் சாக்கட்டியை எடுத்து, மேஜைமேல் பெரிதாக எழுதிக் காட்டினார். அம்மா படித்துவிட்டு முந்தானையால் துடைத்தாள். "நான் என்ன பச்சைப் புள்ளையா?" என்றாள். பேச்சு குறைந்து குறைந்து, ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை என்று ஆனது. அம்மா அந்த ஜன்னலோடே போய்விடுவாளோ என்று எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை வெளியே சொன்னவள் அக்காதான். "இப்ப விட்டா அப்புறம் கிடைக்க மாட்டாடா."

மறுநாள் டிவியைத் தூக்கி வந்து மேஜைக்கு எதிரே வைத்து, தன் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். இங்கே அடித்தால் அங்கே சாண் உயரத்துக்கு எழுத்து வரும். அதற்கு முன்னால் இன்னொரு காரியம் செய்தாள். ஒரு கிண்ணத்தில் மருந்து ஊற்றி, விரல்களை ஊறவைத்து, நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"எதுக்குக்கா?"

"நகத்தப் பார்த்தா எரிச்சல்ல எழுந்து போயிடுவாடா. அவ திரையைப் பார்க்கணும்."

சின்ன வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அக்காவின் வெறும் விரல் நுனிகளைப் பார்த்தேன். மெலிந்து, வெளுத்து, யாருடையதோ மாதிரி இருந்தன.

நகம் இல்லாமல் அக்காவுக்குக் கை ஓடவில்லை. பழகிய தூரம் மாறிப்போனதில் விரல்கள் குறிதவறி விழுந்தன. பிழை வந்துவிடுமோ என்று பயந்து ஒவ்வொரு எழுத்தாக மெல்ல அழுத்தினாள். அம்மா திரையைப் படிப்பாள், "ம்" என்பாள், எழுந்து போய்விடுவாள். தினமும் இதேதான். ஒரு நாள் அக்கா சமையலறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவளுக்கு என்கிட்ட பேசவே பிடிக்கலடா. நாளைக்கு டிவியை எடுத்துடலாம்."

அந்த 'நாளைக்கு' சாயங்காலம் அக்கா கடைசியாக எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. மேஜைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்திருந்தாள்.

"இத யாருடி அடிக்கிறது?" என்றாள்.

'நான்தான்மா' என்று திரையில் வந்தது.

"கைய மேல வை."

அக்கா தயங்கித் தயங்கிக் கைகளை மேஜைமேல் வைத்தாள். அம்மா அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்கடி நகம்?"

'உனக்குப் பிடிக்காதேன்னு எடுத்துட்டேன்.'

"பிடிக்காதுதான். இப்ப யாரு பிடிக்கும்னு சொன்னா?" அம்மாவின் குரல் பழையபடி ஏறியது. "காது மங்க ஆரம்பிச்சதுல இருந்து இந்தப் பலகையிலதான்டி உன்னைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ அந்தப் பக்கம் அடிச்சா இந்தப் பக்கம் குண்டூசி டப்பா துடிக்கும். பருந்து வந்துட்டா, வேலை பார்க்குறான்னு தெரியும். இப்ப டிவியில எழுத்து பாட்டுக்கு வருது, பலகை செத்துக் கிடக்கு. எங்கேயோ இருந்து யாரோ எழுதி அனுப்புற மாதிரி இருக்கு. எனக்கு எதுக்கு அது? போ, போய் ஒட்டிக்கிட்டு வா. அந்தச் சிவப்பே போடு."

அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

மறுநாள் மாலை அவள் முதலில் அடித்தது, தெருமுனை வீட்டுக்காரி துணியை வேறு தையற்காரியிடம் கொடுத்துவிட்டாள் என்ற செய்தி. குண்டூசி டப்பா துடித்தது. "யாரு, அந்த மூக்கு நீட்டிக்காரியா? அவளுக்குக் கழுத்து அளவு எடுக்க இந்த ஊர்ல வேற யாருக்குடி தெரியும்?" என்று அம்மா மூச்சு விடாமல் பேசினாள். பேசிக்கொண்டே போய் மெஷின் மூடியைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் அம்மா ரொம்ப வருஷம் தைத்தாள். மறுமுனையில் அக்கா ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருப்பாள். இன்னொரு காது அம்மாவின் மெஷினுக்கு. கடகடப்பு லேசாக மாறும்போது, பாபின் தீர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே சிவப்பு நகங்களால் மேஜையில் சடசடவென்று தட்டுவாள். அம்மா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, தலை நிமிராமலே சொல்வாள்:

"அந்தச் சத்தத்த நிறுத்துடி, கேட்டுடுச்சு."