நொச்சிச் சாறு கொடுத்த எலி

அறுபதுகளில் திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளனாக இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு விரிவுரையாளர் அம்மா, நொச்சிச் சாறு வலியைக் குறைக்கிறதா என்று அங்கே எலிகளிடம் சோதித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, தூங்கி நாளானதுபோன்ற கண்கள். சாறு கொடுத்த எலியைச் சூடான தகட்டில் விடுவோம். சுட்டால் காலை உதறும், உடனே எடுத்துவிடுவோம். ஒவ்வொரு எலியை விடுமுன்னும் அவர் தன் விரலைத் தகட்டில் வைத்துப் பார்த்து வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்.

அன்று ஓர் எலி காலை உதறாமல் அப்படியே நின்றது. எனக்கோ இந்தக் கூண்டு நாற்றத்தை விட்டு வீட்டுக்குப் போனால் போதும்.

"மருந்து வேலை செய்யுதுங்க மேடம். வலியே தெரியல" என்றேன்.

அவர் எலியை எடுத்துக் கூண்டில் விட்டார்.

"வலி தெரியலையா, இல்ல காலைத் தூக்கவே மனசில்லாம நிக்கறதா? அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அடுத்த எலியைக் கொண்டுவந்தேன். வழக்கம்போல் விரலைத் தகட்டில் வைத்தார். இந்தத் தடவை இழுத்துக்கொள்ளவில்லை.

"மேடம், சுடலீங்களா?" என்று பதறினேன்.

"சுடறது" என்றார், விரலை எடுக்காமலே.